வாசலைப் பார்த்த மேஜை

அவளுக்கு வைத்த பெயர் வேறு, வழங்கிய பெயர் வேறு. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே அண்ணன் அவளைக் "காலேஜ்" என்று கூப்பிட ஆரம்பித்தான். "காலேஜ் வந்தாச்சா?" "காலேஜுக்குச் சோறு எடுத்து வை." அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்ததில்லை. அதனால் அந்தச் சொல்லில் பெருமை இருந்தது. கேலியும் இருந்தது. எது எவ்வளவு என்று அவள் பல முறை எடை போட்டுப் பார்த்திருக்கிறாள். தராசு ஒரு நாள் காட்டியதை மறுநாள் காட்டாது. படித்து முடித்து வெகுகாலம் ஆகியும், முப்பது வயதைத் தாண்டியும், பெயர் மட்டும் அவளை விடவில்லை.

படித்தது சரித்திரம். கிடைத்த வேலை மேஜை ஜோடிப்பது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பெரிய மரச்சாமான் கடையில், இரண்டாம் தளம் முழுக்கச் சாப்பாட்டு மேஜைகள். வெறும் மேஜையைக் காட்டினால் யாரும் வாங்குவதில்லை. அதன்மேல் தட்டு, கிண்ணம், கண்ணாடிக் குவளை, நடுவில் நீளமாக ஒரு துணி, துணிமேல் பழக்கூடை எல்லாம் வைத்து, இப்போதுதான் ஒரு குடும்பம் கை கழுவ எழுந்து போயிருக்கிறது, திரும்பி வந்து உட்காரப் போகிறது என்று தோன்றச் செய்ய வேண்டும். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ரொட்டி சுண்ணாம்பில் வார்த்து வர்ணம் பூசியது. திராட்சை ரப்பர். ஆப்பிளைத் தட்டினால் டொக் டொக் என்று கேட்கும்.

அந்தத் தொழிலில் அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம், மேஜை வாசலைப் பார்க்க வேண்டும் என்பது. மாடிப்படி ஏறி வருகிறவன் கண்ணில் படுகிற பக்கம் திறந்திருக்க வேண்டும்; அந்தப் பக்கம் நாற்காலி போடக் கூடாது. "முன்னால ஒரு முதுகு தெரிஞ்சா வர்றவன் திரும்பிப் போயிருவான்" என்பார் தளத்தின் மேனேஜர். அவர் முதுகு என்று சொன்னது நாற்காலியின் முதுகைத்தான்.

இரண்டாவது பாடம், எல்லாவற்றையும் ஒட்டிவிட வேண்டும். விற்பனைக்கு வைத்த தட்டைக் கவிழ்த்து அடியைப் பார்க்காத மனிதன் இன்னும் பிறக்கவில்லை. குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிசைந்த மாவுபோல ஒரு வெள்ளை மெழுகு கடையில் உண்டு. பட்டாணி அளவு கிள்ளி, தட்டுக்கு அடியில் மூன்று இடம், குவளைக்கு அடியில் ஒரு இடம் வைத்து அழுத்தினால் போதும். இழுத்தால் வராது, திருகினால்தான் வரும். திருகவேண்டும் என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. அவளுடைய மேலங்கிப் பையில் அந்த மெழுகு உருண்டை எப்போதும் இருக்கும். சிலர் சாவிக்கொத்தை உருட்டுவதுபோல அவள் அதை உருட்டிக்கொண்டே நடப்பாள்.

"உன் கைராசி எப்படி தெரியுமா?" என்று சொல்வாள் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள். "உன் மேஜைல இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு வாய் சாப்பிட்டதில்ல. ஆனா எல்லாருக்கும் பசிக்குது."

அம்மா இருந்தவரை பண்டிகை என்றால் அம்மா வீடு. மூன்று பிள்ளைகளும் எங்கே இருந்தாலும் அங்கே வந்துவிடுவார்கள். சரக்கு வண்டி ஓட்டும் அண்ணன், தையற்கடை வைத்திருக்கும் அண்ணி, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கை, தங்கையின் கணவன், அவர்களுடைய பெண். அம்மா யாரையும் கூப்பிட்டதே இல்லை. கூப்பிடாமலே வரவைக்கும் வித்தை அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மா போனதும் வாடகை வீட்டைக் காலி செய்தார்கள். பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டார்கள். அம்மாவின் வித்தை யாருடைய பங்கிலும் வரவில்லை.

போன வருஷக் கடைசி விடுமுறைக்கு அண்ணன் வீட்டில் கூடினார்கள். அங்கே நாற்காலிகள் போதவில்லை. "ஒண்டிக்கட்டைதானே, காலேஜ் எங்கயாச்சும் உக்காந்துக்கும்" என்று அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னாள். அதில் விஷம் ஒன்றும் இல்லை. இடம் இல்லாததைச் சொன்னாள், அவ்வளவுதான். காலேஜ் சமையலறை வாசற்படிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டாள். கிளம்பும்போது அண்ணன் பொதுவாக ஒரு வார்த்தை சொன்னான்: "அம்மா இருந்தாங்க, ஒரு சாக்கு இருந்துச்சு. இனிமே அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க பாத்துக்கலாம்."

அந்த வார்த்தை அவளுக்குள் ஒரு வருஷம் கிடந்தது. இந்த வருஷ விடுமுறை நெருங்கியபோது அண்ணனிடமிருந்தும் பேச்சில்லை, தங்கையிடமிருந்தும் பேச்சில்லை. இந்தத் தடவை விட்டுப்போனால் அது விட்டதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் கல்யாணம், காதுகுத்து, சாவு என்றுதான் பார்த்துக்கொள்வார்கள்.

அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, இந்த லீவுக்கு எல்லாரும் என் வீட்டுக்கு வாங்க."

"உன் வீட்டுக்கா?" பின்னால் வண்டிச் சத்தம். "அது என்ன வீடு, தீப்பெட்டிக்கு ஜன்னல் வச்ச மாதிரி. எங்க உக்கார வைப்ப?"

"மேஜை வருது."

"சமையல் யாரு? நீயா? உனக்கு முட்டை வேக வைக்கவே புஸ்தகம் வேணும்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ வருவியா, மாட்டியா?"

"அண்ணிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றான்.

தங்கை இன்னும் நேராகக் கேட்டாள். "என்னக்கா திடீர்னு? எதாச்சும் விசேஷமா? மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்துட்டியா?"

"சும்மாதாண்டி."

"சும்மான்னு நீ எதுவும் செய்ய மாட்டியே" என்றாள் தங்கை. ஆனால் வருகிறேன் என்றாள்.

கடையில் ஒரு மேஜை இருந்தது. ஆறு பேர் உட்காரலாம். இறக்கும்போது ஒரு காலில் நீளமாகக் கீறல் விழுந்ததால் கிடங்கில் போட்டு வைத்திருந்தார்கள். மேனேஜர் அதைப் பணியாளர் விலைக்கு அவளுக்கே கொடுத்துவிட்டார். சுமைக்காரர்கள் இருவர் அதையும் ஆறு நாற்காலிகளையும் மூன்று மாடி ஏற்றினார்கள். "வீட்டுல எத்தனை பேரும்மா?" என்று ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். அவள் "வருவாங்க" என்றாள். கேட்டதற்கு அது பதில் இல்லை.

முன்னறையில் மேஜை வைத்ததும் அறையே மேஜையாகிவிட்டது. சுவரோரம் நடக்கப் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

விடுமுறைக்கு முந்தைய வாரம் கடையில் உட்கார நேரமில்லை. பண்டிகைக் கூட்டம். ஒவ்வொரு மேஜையையும் கலைத்துப் புதிதாக ஜோடிக்க வேண்டியிருந்தது. கடைசி நாள் மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, மேலங்கியைக்கூடக் கழற்றாமல், தன் மேஜையைத் தொடங்கினாள். தட்டுகள் புதியவை, ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு. நடுத்துணியைத் தானே கஞ்சி போட்டு இஸ்திரி போட்டிருந்தாள். நிஜமான பழங்கள் வாங்கியிருந்தாள். கைக்குட்டைகளை விசிறிபோல மடித்தாள்.

கை அதன்பாட்டுக்கு வேலை செய்தது. மனம் வேறெங்கோ இருந்தது. அண்ணன் சுவர்ப்பக்கம் நடுவில். அவனுக்குக் கால் நீட்ட இடம் வேண்டும். அண்ணி இந்தப் பக்கம். குட்டிப் பெண் அவள் அம்மாவுக்குக் கைக்கெட்டும் இடத்தில். இதை நான் யாருக்குச் செய்கிறேன் என்ற கேள்வி, வழக்கம்போல, பாதி வேலையில் வந்து நின்றது. அவர்களுக்கா? இல்லை, படித்தவள் வீடு எப்படி இருக்கிறது பார் என்று காட்டவா? கொடுப்பதும் காட்டுவதும் ஒரே கையால்தானே நடக்கிறது. கைக்கே வித்தியாசம் தெரியாதபோது மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? கைக்குட்டை இன்னொன்று மடித்தாள்.

முடித்ததும் வாசலுக்குப் போய்க் கதவருகே நின்று பார்த்தாள். எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள். அழகாக இருந்தது. உள்ளே வா, உட்கார் என்று மேஜை சொல்லியது. கடையில் எந்த மேஜையும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மறுநாள் மதியம் படியில் அண்ணனின் குரல் முதலில் ஏறி வந்தது. "மூணாவது மாடின்னு சொன்னா, நாலாவது மாதிரி இருக்கே. காலேஜ், ஏணி ஏதும் வச்சிருக்கியா?"

கதவு திறந்தே இருந்தது. அண்ணன், அண்ணி, தங்கை, தங்கையின் கணவன், நடுவில் பெண் என்று எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள்.

"அடேயப்பா" என்றாள் அண்ணி.

தங்கை போனை எடுத்துப் படம் பிடித்தாள். அவள் கணவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் கால்மிதியில் இரண்டு தடவை துடைத்தான். குட்டிப் பெண் ஓடப் போனாள். அண்ணி கையைப் பிடித்து இழுத்தாள். "தொடாதடி. எதையாச்சும் தள்ளி விட்றாத."

"உள்ள வாங்க அண்ணி. உக்காருங்க."

"இரும்மா, வேற யாராச்சும் வர்றாங்களா?"

"வேற யாரு? நீங்கதான்."

"எங்களுக்கா இவ்வளவும்?" அண்ணியின் குரலில் சந்தோஷமும் ஒரு கூச்சமும் கலந்திருந்தன. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள், யாரோ முக்கியமானவர் வீட்டுக்கு வந்தவள்போல. அம்மா வீட்டில் அண்ணி எப்போதும் நுழைந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் திறந்து பார்ப்பாள். இங்கே சமையலறை எந்தப் பக்கம் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அவளைத் தைத்தது.

ஒருவழியாக உட்கார்ந்தார்கள். சுவர்ப்பக்கம் அண்ணனும் தங்கையும் பெண்ணும். இரண்டு முனைகளிலும் அண்ணியும் தங்கை கணவனும். முனை நாற்காலிகளையும் வாசல் பக்கம் சாய்த்துப் போட்டிருந்ததால் எல்லோர் முகமும் வாசலைப் பார்த்திருந்தது. யாரும் எதையும் தொடவில்லை. கைகளை மடியில் வைத்திருந்தார்கள்.

"பெரியம்மா, இந்த ஆப்பிள் நிஜமா?" என்று குட்டிப் பெண் கேட்டாள். முன்பு ஒரு நாள் கடைக்கு வந்தவள் அவள்.

"நிஜம்தாண்டி. கடிச்சுப் பாரு."

பெண் நம்பவில்லை. விரல் நகத்தால் தட்டிக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் எடுத்தாள்.

அண்ணன் இடமும் வலமும் பார்த்தான். "என்ன இது, போட்டோவுக்கு உக்காந்த மாதிரி இருக்கு? எல்லாரும் ஒரே திசைல. எதிர்ல ஒருத்தரும் இல்ல. ஆமா, நீ எங்க உக்காருவ?"

அப்போதுதான் அவள் பார்த்தாள். முன்பக்கம் காலி. அங்கே நாற்காலி இல்லை, தட்டு இல்லை. அவள் நின்றிருந்தது அந்தக் காலி இடத்தில், கடையில் வாடிக்கையாளர் நிற்குமிடத்தில். ஆறாவது நாற்காலியை முந்தின நாள் மாலை தானே தூக்கிக்கொண்டு போய் உள்ளறையில் போட்டது நினைவுக்கு வந்தது. ஏன் என்று யோசிக்கவே இல்லை. வழியை மறைக்கும் நாற்காலி, அதனால் எடுத்துவிட்டாள்.

"நான் பரிமாறணும்ல? அப்புறம் உக்காந்துக்கறேன்" என்றாள்.

"எனக்குத் தண்ணி" என்று அண்ணன் முன்னாலிருந்த குவளையை எடுக்கப் போனான். குவளை வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தான். மேஜை ஒரு விரற்கடை நகர்ந்தது; குவளை நகரவில்லை.

"என்னடா இது?" என்று தனக்கே சொல்லிக்கொண்டு பக்கத்துத் தட்டைத் தூக்கினான். தட்டும் வரவில்லை. தங்கை தன் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். அவள் கணவன், ஏதோ தன் தப்புபோல, மெதுவாகத் தன் கிண்ணத்தை அசைத்துப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. முந்தின நாள் மேலங்கி இப்போது கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பையில் மெழுகு உருண்டை பாதியாகக் குறைந்திருக்கும்.

"ஐயோ" என்றாள். "பழக்கதோஷம். கடைல எல்லாத்தையும் ஒட்டி வைப்போம். நேத்து யோசனைல நான்..."

முதலில் சிரித்தது தங்கை. அப்புறம் அவள் கணவன். அண்ணி வாயில் தலைப்பை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அண்ணன் குவளையைப் பிடித்து ஆட்டி ஆட்டிச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"காலேஜ், காலேஜ்! விருந்துக்குக் கூப்பிட்டு எதையும் தூக்க முடியாம பண்ண ஒரே ஆளு நீதான்! ஏன், எடுத்துட்டு ஓடிருவோம்னு பயமா?"

"அம்மா பாத்திரத்தைப் பிரிச்சப்ப நீ ரெண்டு டம்ளர் சேத்து எடுத்தேல்ல, அந்த ஞாபகம் அக்காவுக்கு" என்றாள் தங்கை.

"நானா? பொய் சொல்லாத!"

"மாப்ள, எதுக்கும் நாற்காலில இருந்து எழுந்து பாருங்க" என்றான் அண்ணன். "நம்மளையும் ஒட்டிருப்பா. சாயங்காலம் போக விடக் கூடாதுன்னு."

தங்கை கணவன் நிஜமாகவே எழுந்து பார்த்தான். மறுபடி சிரிப்பு. அவளும் சிரித்தாள். ஆனால் அண்ணன் சொன்னது விளையாட்டாகத்தான் என்றாலும் குறி தப்பவில்லை. அது அவள் நெஞ்சில் போய்ச் சரியாக உட்கார்ந்தது.

"இழுக்காதீங்க. திருகணும். இருங்க, நானே எடுக்கறேன்" என்று மேஜையைச் சுற்றி வந்தாள்.

சுவருக்கும் நாற்காலிகளுக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து, ஒவ்வொருவர் தோளுக்கு மேலாகவும் குனிந்து, தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். டப் என்று ஒரு சின்னச் சத்தத்தோடு விட்டது. அண்ணியின் தலையில் ஷாம்பு வாசனை. தங்கையின் தோள் முன்னைவிட மெலிந்திருந்தது. எலும்பு கையில் பட்டது. தங்கை கணவன் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டான். குட்டிப் பெண் ஒவ்வொரு டப்புக்கும் கை தட்டினாள். இவர்கள் எல்லோரையும் இவ்வளவு பக்கத்தில் அவள் எப்போது தொட்டாள்? அம்மாவைத் தூக்கிய அன்றைக்காக இருக்கும். குவளைகளை மெதுவாகவே திருகினாள்.

அண்ணனிடம் வந்தபோது அவன் தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டான். "குவளைய மட்டும் எடு. தட்டு இருக்கட்டும். தட்டை நான் தூக்கியா சாப்பிடப் போறேன்? ஓடாத தட்டு நல்லதுதான். வண்டில சாப்பிடறப்ப என் மடில ஒரு இடத்துல நிக்காது."

கூச்சம் போய்விட்டது. அண்ணி எழுந்து சமையலறைக்கு வந்து சட்டிகளைத் திறந்து பார்த்தாள். "கோழி கொஞ்சம் உப்பு தூக்கல்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் அண்ணியைக் கட்டிக்கொண்டிருப்பாள். சோறு சூடாகப் போனது, குழம்பு சூடாகப் போனது. அண்ணன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். கண்ணாடிக் குவளைகளும் விசிறிக் கைக்குட்டைகளும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. நடுத்துணியில் குழம்புத் துளி விழுந்து மஞ்சளாகப் படர்ந்தது. மேஜை முதல் தடவையாக மேஜைபோல இருந்தது.

"நீ உக்காரு. போதும் பரிமாறினது" என்றாள் அண்ணி. "ஆறாவது நாற்காலி ஒண்ணு இருக்கணுமே?"

"உள்ள இருக்கு. கொண்டு வரேன்."

உள்ளறையில் நாற்காலியின் மேல் துணிகள் மலைபோலக் கிடந்தன. முன்னறை சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் அதன்மேல்தான் வாரிப் போட்டிருந்தாள். ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு மாற்றினாள். அதற்குள் முன்னறையில் அண்ணியின் போன் அடித்தது. "ஆமாம்மா... கிளம்பிட்டே இருக்கோம்மா... இல்ல, சாப்பிட்டாச்சு, அங்க வந்து கொஞ்சமா சாப்பிடறோம்..." நாற்காலிகள் பின்னால் நகரும் ஓசை கேட்டது. ஒன்று, அப்புறம் இன்னொன்று. அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எல்லோரும் கை கழுவ வரிசையில் நின்றிருந்தார்கள்.

நாற்காலியைச் சுவரோரமாக, தன் காலுக்குப் பக்கத்தில், சத்தமில்லாமல் வைத்தாள்.

"தப்பா நினைக்காத" என்றாள் அண்ணி. "எங்க அம்மா காலைல இருந்து காத்துட்டிருக்காங்க. அங்கேயும் தலை காட்டணும்ல."

"எங்களுக்கும் பஸ் இருக்குக்கா" என்றாள் தங்கை. "இவருக்கு வேற, ஊர் மாத்திப் போடுவாங்க போல இருக்கு. வர்ற மாசம் தெரியும்." சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்காமல் பெண்ணுக்குச் செருப்பு மாட்டினாள்.

"அடுத்த வருஷம்?" அவள் கேட்டே விட்டாள். கேட்க வேண்டாம் என்று இருந்தவள்தான்.

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். "அடுத்த வருஷம் எங்க அம்மா வீட்டு முறை வருது. பாக்கலாம்மா. இப்பவே என்ன?"

தட்டுகளை எல்லோரும் சமையலறையில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். அண்ணனுடையது மட்டும் மேஜையில் அப்படியே இருந்தது. அவன் அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தான். "அது ஒட்டியே இருக்கட்டும், காலேஜ். அடுத்த தடவை வர்றப்ப உனக்கு வேலை மிச்சம்."

"எப்ப வருவ?"

"வர்றப்ப வரேன்" என்றான் அண்ணன். ஒரு படி இறங்கித் திரும்பிப் பார்த்தான். என்னவோ சொல்ல வந்தவன், "மேஜைக் கால்ல கீறல் இருக்கு. பாலிஷ் போட்டா தெரியாது. நான் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவர்கள் பேச்சுச் சத்தம் இரண்டாம் மாடியில் கேட்டது, முதல் மாடியில் கேட்டது, தெருவில் கலந்தது. ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். வண்டியில் ஏறும்போதும் அண்ணன் எதையோ இழுப்பதுபோல் கையால் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அங்கிருந்து பார்க்க அது சந்தோஷமான குடும்பமாகத் தெரிந்தது. அவள்தான் ஜோடித்தது என்று யாருக்கும் தெரியாது.

பாத்திரங்களைக் கழுவி முடித்தாள். வெயில் சாய்ந்து முன்னறைச் சுவரில் மஞ்சளாக விழுந்தது. அண்ணன் தட்டு மட்டும் பாக்கி. அதை அப்படியே விடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். ஆனால் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, திருகுவதற்குத் தோளைச் சாய்த்தாள்.

தட்டு சும்மா வந்தது.

திருகவே வேண்டியிருக்கவில்லை. சூடான சோற்றிலும் குழம்பிலும் மெழுகு எப்போதோ இளகிப் போயிருந்தது. மேஜையில் மூன்று வெள்ளைப் பொட்டுகள் மட்டும் இருந்தன. அண்ணன் அதைத் தூக்கிப் பார்க்கவே இல்லையா? இல்லை, தூக்கிப் பார்த்து, வருகிறது என்று தெரிந்தும் சும்மா இருந்துவிட்டானா? ஒட்டியிருக்கட்டும் என்று சொன்னது அவளுக்காகவா, எழுந்து கொண்டுபோய்ப் போடச் சோம்பல்பட்டா? அவனைக் கேட்க முடியாது. கேட்டால் சிரிப்பான். போனைக் கையில் எடுத்தவள், கீழே வைத்தாள்.

தட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். கதவுக்குப் பின்னால் மேலங்கி தொங்கியது. பையில் மெழுகு இருந்தது. எடுத்து உள்ளங்கையில் ஒரு தடவை உருட்டினாள். திரும்பப் பையிலேயே போட்டாள். மேஜையிலிருந்த வெள்ளைப் பொட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, தட்டை அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே வைத்தாள், யார் வந்தாலும் தூக்கக்கூடியபடி.

பிறகுதான் அவளுக்குப் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சோறு ஆறிப்போயிருந்தது, குழம்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. நீலக் கோடு போட்ட இன்னொரு தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். பழக்கத்தில் முக்காலியைத் தேடிச் சமையலறைப் பக்கம் திரும்பியவள், நின்றாள். சுவரோரம் வைத்த ஆறாவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, மேஜையின் முன்பக்கத்தில், எப்போதும் காலியாக விடுகிற அந்த இடத்தில் போட்டாள்.

உட்கார்ந்தாள். எதிரே அண்ணன் தட்டு, சுவர், சுவரில் வெயில். வாசல் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கதவு இன்னும் திறந்தே இருந்தது. படியில் யாரோ ஏறிப் போகும் சத்தம் கேட்டது. அவர்களுக்கு ஒரு முதுகுதான் தெரிந்திருக்கும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோழியில் உப்பு தூக்கலாகத்தான் இருந்தது.